வெள்ளத்தில் போகாத பத்தொன்பது நோட்டுகள்

எங்கள் தெருவில் எது காணாமல் போனாலும் அது வெள்ளத்தில் போனதுதான். முடிச்சூரில் தண்ணீர் ஏறிய அந்த டிசம்பருக்குப் பிறகு வந்த பழக்கம் இது. எதிர்வீட்டுப் பெண்ணிடம் இரவல் கொடுத்த இட்லிக் குண்டானைத் திருப்பிக் கேட்டால், "அது வெள்ளத்துலயே போச்சுக்கா" என்பாள். குண்டான் அவள் அடுப்பின் மேல் ஆவி விட்டுக்கொண்டிருக்கும். அவள் கணவர் பக்கத்தில் நின்றால் இன்னும் ஒன்று சேர்த்துக்கொள்வாள்: "இவருக்குக்கூட முன்னாடி கொஞ்சம் மூளை இருந்துச்சுக்கா. அதுவும் அப்பத்தான் போச்சு." யாரும் மறுத்துக் கேட்பதில்லை. உண்மையாகவே அவ்வளவு போயிருந்தது. எது போனது, எது போகவில்லை என்று இன்னொருவர் வீட்டில் துருவிப் பார்ப்பது அழகில்லை.

அதனால்தான் என் மகள், "மா, நீ ஃபேக்டரில எழுதின பழைய நோட்டெல்லாம் எங்க?" என்று கேட்டபோது, "வெள்ளத்துல போச்சு" என்ற பதில் என் வாயிலிருந்து அவ்வளவு சுலபமாக வந்தது. பத்தொன்பது நோட்டுகளும் அந்த நேரத்தில் அவள் தலைக்கு மேலே லாஃப்டில், குக்கர் வந்த அட்டைப்பெட்டிக்குள், ஒரு சொட்டு ஈரம் படாமல் இருந்தன.

சுலபமாக வந்தது என்று எழுதிவிட்டேன். சொல்தான் சுலபமாக வந்தது. அதற்குப் பின்னால் இருந்தது பல மாதங்களாக எனக்குள் ஊறிக்கொண்டிருந்தது. அக்கம்பக்கத்தார் மேல் வரும், ஓரகத்தி மேல் வரும் என்று தெரியும். பெற்ற பிள்ளையின் மேலும் பொறாமை வரும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

மறைமலை நகர்ப் பக்கம் பிரேக் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு ஜப்பானியத் தொழிற்சாலையில் நான் இருபத்து நான்கு வருடங்கள் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். ஜப்பானிய மேற்பார்வையாளர் சொல்வதைத் தொழிலாளிக்குத் தமிழிலும், தொழிலாளி சொல்வதை அவருக்கு ஜப்பானிய மொழியிலும் சொல்ல வேண்டும். வேதியியல் பட்டம் வாங்கிய கையோடு, தாம்பரத்திலிருந்து மின்சார ரயில் பிடித்துப் போய் மாலை வகுப்பில் படித்த மொழி அது. டெல்லியில் ஜப்பானிய மொழி முதுகலைக்கு இடம்கூடக் கிடைத்தது. அதே மாதத்தில் கல்யாணம் நிச்சயமானது. "போகணுமா?" என்று என்னைப் பெற்ற அத்தா ஒரு தடவை கேட்டார். "வேணாம்" என்று நானே சொன்னேன். ஆகவே அதற்காக யார் மேலும் கோபப்படும் வசதிகூட எனக்கு இல்லை.

என் மகள் போனாள். அதே டெல்லியில் முதுகலை, பிறகு முனைவர் பட்டம், நடுவில் ஓராண்டு ஜப்பானில் ஒரு துறைமுக நகரத்தில் ஆராய்ச்சி. அவளுக்கு முதல் ஜப்பானிய எழுத்தை எழுதிக் காட்டியது நான். கேஸ் புத்தகத்தின் பின்னட்டையில், அவள் மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது. அவள் படிப்பதற்காக ஓவர்டைம் பார்த்ததும் நான்தான். அவள் விமானம் ஏறியபோது சந்தோஷமாகத்தான் அழுதேன். அவள் அங்கிருந்து அனுப்பிய முதல் படத்தில், ஒரு நூலகத்தின் அடுக்குகளுக்கு நடுவில் நின்று சிரித்தாள். அதைத் தாம்பரம் கடைத்தெருவில் மின்சாமான் கடை வைத்திருக்கும் என் கணவர், கடைக்கு வருகிற எல்லோரிடமும் காட்டினார். நான் அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அவள் முகத்தை அல்ல, அவளுக்குப் பின்னால் இருந்த புத்தகங்களின் முதுகுகளை. அவற்றில் பாதித் தலைப்புகளை என்னால் படிக்க முடியவில்லை.

திரும்பி வந்தவள் இரண்டு கல்லூரிகளில் மணிக்கணக்குச் சம்பளத்துக்கு ஜப்பானிய மொழி கற்பித்தாள். ஒன்று ஜி.எஸ்.டி. சாலையில், இன்னொன்று பழைய மகாபலிபுரம் சாலையில். காலையில் ஒரு பேருந்து, மத்தியானம் இரண்டு பேருந்து. நிரந்தர வேலை கிடைக்க வேண்டுமென்றால் ஆய்விதழில் கட்டுரை வர வேண்டும். கட்டுரை எழுத வேண்டுமென்றால் நேரம் வேண்டும். நேரமெல்லாம் பேருந்தில் போனது. கப்பலில் மெதுவாக வந்து சேர்ந்த அவளுடைய புத்தகப் பெட்டிகள் என் பீரோவின் கதவை முழுதாகத் திறக்கவிடாமல் அடைத்துக்கொண்டு நின்றன. ஒரு தாயாக அவளைப் பார்த்து எனக்குக் கவலைதான். முப்பது வயதில் இப்படி அலைகிறாளே, இளைத்துவிட்டாளே என்று. அதே நெஞ்சில் இன்னொன்றும் இருந்தது. அதை நான் கவலை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் நான் தொலைபேசியில் என் பழைய மேற்பார்வையாளருடன் பேசியதைக் கேட்டுவிட்டுச் சிரித்தாள். "மா, உன்னோடது அசல் கம்பெனி ஜாப்பனீஸ். கேக்கவே க்யூட்டா இருக்கு."

"க்யூட்டா?"

"நல்லதாத்தான் சொல்றேன். ஷிஃப்ட் முடிஞ்சு கணக்கு ஒப்படைக்கிற மாதிரியே பேசற."

அவள் அன்பாகத்தான் சொன்னாள். நான் ஒரு வாரம் அதையே மென்றுகொண்டிருந்தேன்.

பிறகு தொழிற்சாலை ஆண்டு விழா. ஓய்வு பெற்றவர்களையும் குடும்பத்தோடு கூப்பிட்டிருந்தார்கள். புதிதாக வந்திருந்த ஜப்பானிய இயக்குநருக்கு என் மகளை அறிமுகம் செய்துவைத்தேன். கல்லூரியில் கற்பிக்கிறாள் என்றதும் அவர் எழுந்து நின்று குனிந்தார். பதினைந்து நிமிடத்துக்குள் அவளை 'சென்செய்' என்று அழைக்கத் தொடங்கிவிட்டார். ஆசிரியர்களை அவர்கள் அப்படித்தான் அழைப்பார்கள். அவளுடைய ஆராய்ச்சியைப் பற்றிக் கேள்வி மேல் கேள்வி. இந்தப் பகுதித் தொழிற்சாலைகளில் ஜப்பானியர்களும் தமிழர்களும் ஒருவரை ஒருவர் எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்பதுதான் அவள் ஆராய்ச்சி. இருபத்து நான்கு வருடம் அந்தப் புரிதல் என் தொண்டை வழியாகப் போய் வந்திருக்கிறது. நான் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். நடுவில் ஒரு தடவை அவர் என் பக்கம் திரும்பினார். காபியில் சர்க்கரை வேண்டாம் என்று கேன்டீன்காரரிடம் சொல்லிவிட முடியுமா என்று கேட்டார். சொன்னேன். அழகான தமிழில் சொன்னேன்.

அந்த மாதமே அவள் ஒரு பட்டியலைச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். அவள் பேட்டி காணப்போகும் மொழிபெயர்ப்பாளர்கள், பதினொரு பேர். அவர்களில் நான்கு பேர் நான் வேலை பழக்கியவர்கள். மேலிருந்து கீழே ஒரு தடவை, கீழிருந்து மேலே ஒரு தடவை படித்தேன்.

"என் பேர் இல்ல?"

"நீ என் அம்மாவாச்சே. உன்ன பேட்டி எடுத்தா, சொந்தக்காரங்கள வெச்சு ஆராய்ச்சி பண்ணிட்டேன்னு சொல்வாங்க. ரிவ்யூ பண்றவங்க மொதல்ல அதத்தான் புடிப்பாங்க."

"ஓ" என்றேன். ரசத்துக்குத் தாளிக்கப் போய்விட்டேன்.

நோட்டுகளைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். கூட்டங்களில் மொழிபெயர்ப்பாளர் எடுக்கும் குறிப்புகளைக் கூட்டம் முடிந்ததும் கிழித்து இயந்திரத்தில் போட்டுத் தூளாக்கிவிட வேண்டும் என்பது எங்கள் தொழிலின் விதி. வரைபடங்கள், அளவுகள் எல்லாவற்றையும் நான் ஒழுங்காகத் தூளாக்கினேன். ஆனால் இயந்திரங்களுக்கு நடுவில் நின்று மனிதர்கள் பேசியதை மட்டும் சின்ன நோட்டுகளில் வைத்திருந்தேன். ஒவ்வொரு பக்கத்துக்கும் நடுவில் ஒரு கோடு. இடது பக்கம் அவர்கள் சொன்னது. வலது பக்கம் நான் சொன்னது.

இடது பக்கம்: 'மூன்று தடவை காட்டினால் குரங்குகூடக் கற்றுக்கொள்ளும்.' வலது பக்கம்: 'சார் இன்னொரு தடவை காட்டறேன்றாரு, நல்லா பார்த்துக்கோ.' இடது பக்கம்: 'யக்கா, இந்தாளுக்கு வேற வேலயே இல்லியா, காலைலேந்து பேஜார் பண்ணிகினு கீறாரு.' வலது பக்கம்: 'புரிந்தது, கவனமாகச் செய்கிறேன்.' இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டிக்கொள்வார்கள். நாள் முழுவதும் இப்படித்தான் போகும்.

ஓய்வு பெற்றதும் இதையெல்லாம் நான் எழுதப்போகிறேன் என்று எனக்குள் ஒரு திட்டம் இருந்தது. ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகியும் ஒரு வரி எழுதவில்லை. ஆனால் திட்டம் என்னுடையது. அவள் பட்டியலில் என் பெயர் இல்லை. என் நோட்டுகள் மட்டும் அவளுக்கு வேண்டும். அப்படித்தான் அன்று எனக்குப் பட்டது. கம்பெனி விதி என்று ஒரு சாக்கும் கையில் இருந்தது. அதைச் சொல்லியிருந்தால் அவள் அனுமதி கேட்டு எழுதியிருப்பாள். வெள்ளம் என்று சொன்னால் அதற்கு மேல் கேள்வி இல்லை.

கேள்வி வராது என்று நான் நினைத்தது எங்கள் தெருவின் பழக்கத்தில் வந்த நினைப்பு. அவள் ஆராய்ச்சியாளர்.

முதலில் அவள் கண்கள் நிறைந்தன. எழுந்து வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள். "எவ்ளோ பெரிய விஷயம்மா இது, சொல்லவே இல்லையே நீ" என்றாள். அடுத்த நாள் ஒலிப்பதிவுக் கருவியோடு வந்து உட்கார்ந்தாள். நோட்டுகள் எத்தனை, என்ன அளவு, அட்டை என்ன நிறம், எந்த மொழியில் எழுதினேன், எந்த அலமாரியில் இருந்தன, தண்ணீர் எதுவரை வந்தது. பேட்டிப் பட்டியலில் இடமில்லாத எனக்கு, தொலைந்துபோன பொருளின் சொந்தக்காரி என்ற முறையில் இடம் கிடைத்துவிட்டது. நான் அதை ரசித்துப் பேசினேன் என்பதையும் எழுதிவிட வேண்டும். நடுக்கோட்டைப் பற்றிச் சொன்னபோது அவள் பேனா நின்றது. "பக்கத்த ரெண்டாப் பிரிச்சு எழுதினியா? நெஜமாவா?" அவள் முகத்தில் அப்போது தெரிந்ததைப் பெயர் சொல்லத் தெரியவில்லை. என்னைப் பார்த்து அவளுக்கு ஒரு கணம் பொறாமை வந்தது என்று நம்ப எனக்குப் பிடித்திருந்தது.

அவள் கட்டுரையின் போக்கே மாறியது. தொழிலாளர்களின் பேச்சு ஏன் ஆவணமாக நிற்பதில்லை, தாழ்வான புறநகரில் குடியிருப்பவர்களின் காகிதங்கள் எப்படி முதலில் அழிகின்றன என்று அவள் எழுதத் தொடங்கினாள். அழிந்துபோன ஆவணத்துக்கு உதாரணம் என் பத்தொன்பது நோட்டுகள். பெயர் போடாமல், 'மூத்த மொழிபெயர்ப்பாளர் ஒருவர். இக்கட்டுரை ஆசிரியரின் தாய்' என்று அடிக்குறிப்பு. இணையவழிக் கருத்தரங்கில் அவள் அதைப் படித்தபோது சமையலறை வாசலில் நின்று கேட்டேன். நல்ல ஜப்பானிய மொழி. எனக்கு எந்தக் காலத்திலும் வராத மொழி. திரையில் சின்னச் சின்னச் சதுரங்களில் இருந்த பேராசிரியர்கள் வருத்தத்தோடு தலையை அசைத்தார்கள். அவர்களில் ஒரு வயதான அம்மையார் பிறகு ஒரு பொதி அனுப்பினார். உள்ளே அழகான ஐந்து வெற்று நோட்டுகள். 'உங்கள் தாயார் மறுபடியும் எழுத வேண்டும்' என்று ஒரு சீட்டு. அவற்றை எங்கே வைப்பது என்று தெரியாமல் அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்தேன்.

கட்டுரையை ஜப்பானிய ஆய்விதழ் ஒன்று ஏற்றுக்கொண்டது. அதே வாரம், தென்சென்னைப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் ஜப்பானியவியலுக்கு ஓர் உதவிப் பேராசிரியர் பணியிடம் அறிவித்தார்கள். நிரந்தர வேலை. வீட்டிலிருந்து ஒரே பேருந்து. விண்ணப்பத்தில் 'வெளிவர உள்ளது' என்று அந்தக் கட்டுரையை முதல் வரியாகப் போட்டாள். நேர்முகத்துக்கு அழைப்பும் வந்துவிட்டது. என் கணவர் கடையில் எல்லோருக்கும் பால்கோவா கொடுத்தார். "இன்னா பாய், பொண்ணுக்குக் கல்யாணமா?" என்று கேட்டவர்களிடம், "அத்த வுடுங்க, புரொஃபசர் ஆவப்போவுது" என்றார்.

இதற்குள் நான் அதை எப்படியும் சொல்லியிருக்க வேண்டும். ஒவ்வொரு நாளும், இன்று சொன்னால் என்ன ஆகும் என்று பார்த்தேன். ஒவ்வொரு நாளும் முந்தின நாளைவிட அதிகம் ஆகும் போலிருந்தது.

அச்சுக்குப் போகுமுன் திருத்திக் கொடுக்க வேண்டிய பக்கங்கள் வந்தன. ஒரு புகைப்படம் சேர்க்கலாமா என்று ஆசிரியர் குழு கேட்டிருந்ததாம். எங்கள் முன்னறைச் சுவரில் தண்ணீர் நின்ற அடையாளம் இன்னும் உண்டு. இரண்டு தடவை வெள்ளையடித்தும், மழைக்காலத்தில் மார்பளவு உயரத்தில் பழுப்புக் கோடாகக் கிளம்பிவிடும். ஒரு சனிக்கிழமைக் காலையில் என்னை அதன் பக்கத்தில் நிற்கச் சொன்னாள்.

"கையக் கோட்டு மேல வை. மூஞ்சி வராது, கை மட்டுந்தான்."

வைத்தேன். என் கணவர் சோபாவில் இருந்து, "வளையல் போட்டுக்கோ, ஃபாரின் போவுது போட்டோ" என்றார்.

"அத்தா, சும்மா இருங்க. மா, விரல விரிச்சு வைக்காத. இயல்பா வை."

இயல்பாக வைக்க வரவில்லை. விரல்களை மடக்கினேன், மறுபடி விரித்தேன். அவள் இரண்டு மூன்று தடவை எடுத்துப் பார்த்து, "ஆடிடுது மா" என்றாள். அந்தக் கோடு பொய் இல்லை. அந்தத் தண்ணீர் பொய் இல்லை. அதில் என் ஜப்பானிய மொழித் தேர்ச்சிச் சான்றிதழ் கூழாகிப் போனது, ஃப்ரிட்ஜ் மிதந்தது, மூன்று நாள் மொட்டைமாடியில் இருந்தோம். அந்தத் தண்ணீரின் மேல் கையை வைத்துக்கொண்டு நான் நிற்பதுதான் பொய்.

"நோட்டெல்லாம் லாஃப்ட்ல இருக்கு" என்றேன்.

"எந்த நோட்டு?"

"என் நோட்டு. பத்தொம்பதும்."

அவள் கைபேசியைக் கீழே இறக்கவில்லை. அதன் வழியாகவே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, அட்டைப்பெட்டியைத் தானே இறக்கினாள். மேலே இருந்த நோட்டைத் திறந்தாள். நடுவில் கோடு போட்ட பக்கம். ஒரு பக்கம் முழுவதும் படித்தாள். அந்த ஒரு நிமிடத்தில் அவள் சந்தோஷத்தை நான் பார்த்தேன், சத்தியமாகப் பார்த்தேன். அது முகத்தில் ஏறி, பாதியிலேயே நின்றுபோனது.

என் கணவர்தான் முதலில் பேசினார். வியாபாரி, எதையும் சரிக்கட்டிவிடலாம் என்பது அவர் நம்பிக்கை. "அல்ஹம்துலில்லாஹ், கெடச்சிடுச்சுல்ல. இதுல இன்னா இருக்கு? லாஃப்ட் ஒழுங்கு பண்றப்போ கெடச்சுதுன்னு எழுதிடு. இன்னும் நல்லதாத்தான் போச்சு. போனதுன்னு நெனச்ச சாமான் திரும்பக் கெடச்சா யாருக்குத்தான் சந்தோஷம் இருக்காது?"

அது நடந்திருக்கும். யாருக்கும் சந்தேகம் வந்திருக்காது. வெள்ளத்தில் போனது என்று நினைத்தவை எத்தனையோ வீடுகளில் திரும்பக் கிடைத்திருக்கின்றன. கட்டுரையில் ஒரு பின்குறிப்பு. நேர்முகத்தில் சொல்ல இன்னும் சுவையான ஒரு செய்தி. அவளும் அதை யோசித்தாள். நோட்டை மூடி, அட்டையைத் தடவிக்கொண்டே யோசித்தாள். பிறகு என்னிடம் கேட்டாள்.

"மா, நீ சொல்லு. கெடச்சுதா?"

அந்தக் கேள்வியில் வழி திறந்துதான் இருந்தது. 'ஆமா' என்றால் அவளுக்கு வேலை. என் மானமும் தப்பும். என் கணவர் எனக்குக் கண் காட்டினார்.

"கெடைக்கல. அங்கதான் இருந்துச்சு. எனக்குத் தெரியும்."

"அப்போ ஏன்?"

"உனக்குக் குடுக்க மனசு வரல."

இதைவிட நாகரிகமாகச் சொல்ல என்னிடம் வேறு சொல் இல்லை. அவள் என்னையே பார்த்தாள். சின்ன வயதில் அவள் தவறு செய்துவிட்டு என்னைப் பார்ப்பாளே, அந்தப் பார்வையாக இருந்தது. யார் தவறு செய்தது என்று ஒரு கணம் எனக்கே குழம்பியது.

"டெல்லிக்கு நான் போனதாலயா?" என்றாள்.

"எல்லாத்தாலயும்" என்றேன்.

அன்று மத்தியானமே ஆய்விதழுக்கு எழுதினாள். கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன், மூல ஆவணம் பற்றிய தகவல் தவறானது என்று. பல்கலைக்கழகத்துக்கும் எழுதினாள், விண்ணப்பத்தின் முதல் வரியை நீக்கிவிடச் சொல்லி. என் கணவர் இரண்டு நாள் கடையிலேயே சாப்பிட்டார். "உங்க ரெண்டு பேருக்கும் நேர்மை ஜாஸ்தியாப் போச்சு" என்றார். அவருக்கு யார் மேல் கோபம் என்று அவருக்கே தெரியவில்லை.

இதழின் ஆசிரியர் குழு ஓர் ஆவணம் கேட்டது. நோட்டுகள் யாரிடம் இருந்தனவோ அவரே நடந்ததை எழுதிக் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும், ஜப்பானிய மொழியில். நான்கு நாள் எடுத்து எழுதினேன். என் வாழ்க்கையில் அந்த மொழியில் நான் என் பேச்சாக எழுதிய முதல் தாள் அது. அதற்கு முன்னால் எழுதியதெல்லாம் யாரோ சொன்னது. கேவலமான விஷயம்தான், ஆனால் வாக்கியங்களை அடித்து அடித்துத் திருத்தினேன். இந்த வரியை அந்தப் பேராசிரியர்கள் படிப்பார்கள், இந்தச் சொல்லை மெச்சுவார்கள் என்று நினைத்தேன். என் மகளின் வேலையைப் பறிக்கப்போகும் தாளை எழுதும்போதும் எனக்குள் இருந்தவளுக்கு மேடை வேண்டியிருந்தது. மகள் படித்துவிட்டு எதையும் திருத்தாமல் அனுப்பினாள். 'கிடைத்தது' என்று மூன்று வரியில் பதில் வந்தது. அவளுக்கு, எனக்கு இல்லை. கட்டுரையை மாற்றி எழுதினால் முதலிலிருந்து மறுபடி பரிசீலிப்பார்களாம்.

நேர்முகத்துக்குப் போய்விட்டு வந்தவள் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. முன்னறையில் தன் அத்தாவிடம் சொன்னதைச் சமையலறையிலிருந்து கேட்டேன்.

"அந்தக் கட்டுரைய ஏன் எடுத்தீங்கன்னு கேட்டாங்க. சோர்ஸ் தப்பான தகவல் குடுத்துட்டாங்கன்னு சொன்னேன். சோர்ஸ் யாருன்னாங்க. என் அம்மான்னேன். ஒருத்தர் சிரிச்சிட்டாரு அத்தா."

"சிரிச்சாரா? எவன் அவன்?"

"விடுங்க. நானே சிரிச்சிருப்பேன்."

வேலை வேறொருவருக்குப் போனது. மணிக்கணக்கு வகுப்புகளும் இரண்டு பக்கப் பேருந்துகளும் தொடர்ந்தன. நோட்டுகளை அவள் மேசையின் மேல் வைத்தேன். அவள் அவற்றை எடுத்து என் கட்டிலின் மேல் வைத்தாள். மறுபடி வைத்தேன்.

"இப்போ நான் இத யூஸ் பண்ணா யாரும்மா நம்புவாங்க?" என்றாள். குரலில் கோபம் இல்லை. "மத்தவங்கள விடு. நான் நம்பணுமே."

அவள் என்னைச் சாடியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் வேலை சம்பந்தமாகப் பேசினாள். அதுதான் இன்னும் ஆறவில்லை.

இரண்டு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு முதல் நோட்டை அவளே கொண்டுவந்து என் முன் உட்கார்ந்தாள். தொழிற்சாலைக்கு எழுதி, பெயர்களை மறைத்தால் பயன்படுத்தலாம் என்று அனுமதி வாங்கியிருந்தாள். ஒரு பென்சில், ஒலிப்பதிவுக் கருவி. "பக்கம் பக்கமாப் போலாம். எனக்கு எதுவும் தெரியாதுன்னு வெச்சுக்கோ" என்றாள்.

அடுத்த ஞாயிறும் உட்கார்ந்தோம். இரண்டாவது நோட்டில் ஒரு பக்கத்தில் அவள் நின்றாள். ஒரு பாகம் விரிசல் விட்டதற்காக, அதைச் செய்த ஒப்பந்தத் தொழிலாளியை உடனே நீக்கச் சொல்லி மேற்பார்வையாளர் கத்திய நாள் அது. இடது பக்கம் அவர் கத்தல். வலது பக்கம் நான் அவரிடமே சொன்னதாக எழுதியிருந்தது: 'தவறு வரைபடத்தில் இருக்கிறது. இவர் மேல் இல்லை. முதலில் அதைப் பாருங்கள்.'

மகள் முந்தின பக்கத்தைத் திருப்பினாள். பிந்தின பக்கத்தைத் திருப்பினாள். மறுபடி இதற்கு வந்தாள்.

"மத்ததெல்லாம் நின்னுகிட்டே எழுதினது. கிறுக்கலா, சாய்ஞ்சு சாய்ஞ்சு, பாதிப் பாதியா இருக்கு. இதுல லெஃப்ட் சைடும் அப்படித்தான். ரைட் சைடு மட்டும் நிதானமா, முழு வாக்கியமா இருக்கு. வேற பேனா." அவள் குரலை உயர்த்தவே இல்லை. "இது எப்போ எழுதினது மா?"

நான் ஜன்னலைப் பார்த்தேன். அந்தத் தொழிலாளி அடையாள அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, போகும்போது என்னிடம், "வரேன்கா" என்றான். அது எந்தப் பக்கத்திலும் இல்லை.

"அன்னிக்கு சாயந்தரம். கம்பெனி பஸ்ல, அது கெளம்பறதுக்கு முன்னாடி."

"அப்போ அந்த எடத்துல நீ நெஜமா என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல. அவர் சொன்னத அப்படியே தமிழ்ல அவன்கிட்ட சொன்னேன். ஒரு வார்த்த கொறைக்கல."

அவள் பென்சிலால் பக்கத்தின் ஓரத்தில் மெல்லிசாக ஒரு குறி போட்டாள். இந்தப் பக்கத்தை எத்தனையோ தடவை திறந்து பார்த்திருக்கிறேன். அதில் இரண்டு பேனா இருப்பதை நானே மறந்திருந்தேன். ஒவ்வொரு தடவையும் அந்தப் பதிலைப் படித்து, அதை நான் சொன்னதாகவே நம்பிவிட்டு மூடியிருக்கிறேன். அவள் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமையிலேயே கண்டுபிடித்துவிட்டாள். ஒரு காகிதத்தை அப்படிப் பார்க்க அவளுக்கு எங்கேயோ, யாரோ கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். என் வயிறு அப்போதும் எரிந்தது. அவள் வேலையை இழக்கவைத்த பிறகும், என் எதிரில் அவள் இவ்வளவு பொறுமையாக உட்கார்ந்திருக்கும்போதும்.

"இந்த மாதிரி இன்னும் எவ்ளோ இருக்கும்?"

"தெரியல. பாத்தா சொல்லிடுவேன்."

அவள் பக்கத்தைத் திருப்பினாள். நான் அவள் கேட்கும்வரை காத்திருக்கவில்லை.

"இதுல கடைசி ரெண்டு வரி" என்றேன். "அதுவும் பஸ்ல எழுதினதுதான்."